எட்டு ஓநாய் கேட்டால் எட்டு ஆடு வருமா?

தம்பி ஒருவர் கேட்டது இதுதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை நடத்தும் மேசை விளையாட்டில் அவருடைய ட்ரூயிட் (இயற்கை மந்திரம் போடும் பாத்திரம்) இப்போதுதான் ஐந்தாவது லெவலைத் தொட்டிருக்கிறது. ஆசை ஆசையாக விலங்குகளை வரவழைக்கும் கான்ஜுர் அனிமல்ஸ் ஸ்பெல்லை (மந்திரத்தை) எடுத்திருக்கிறார், முதல் சண்டையிலேயே எட்டு ஓநாய் கேட்டிருக்கிறார், ஆட்டத்தை நடத்தும் டிஎம் எட்டு ஆட்டைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாராம். "எந்த விலங்கு என்று முடிவு செய்வது நான்தான்" என்பது டிஎம் கட்சி. இது விதியா, வம்பா என்று தம்பிக்குச் சந்தேகம். அப்படியே இன்னொரு கேள்வியும்: வரவழைத்த விலங்குகளின் முறை எப்போது வரும், யார் நகர்த்துவது, எப்போது மறையும்?

முதல் கேள்விக்குப் பதில், விதிதான். வம்பும்தான்.

நீங்கள் ஆடுவது 2014 விதிப் புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கை வைத்து என்று எடுத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. அதில் கான்ஜுர் அனிமல்ஸ் நான்கு வழி தருகிறது. சிஆர் 2 அல்லது அதற்குக் கீழ் ஒரு விலங்கு, 1 அல்லது கீழ் இரண்டு, அரை அல்லது கீழ் நான்கு, கால் அல்லது கீழ் எட்டு. (சிஆர் என்பது அந்த மிருகம் எவ்வளவு ஆபத்து என்று சொல்லும் எண்.) இந்த நான்கில் எது என்பதைத் தேர்ந்தெடுப்பது நீங்கள். அதற்குள் எந்த விலங்கு என்பது டிஎம் கையில். ஸ்பெல்லில் இருக்கும் வரி, விலங்குகளின் விவரம் டிஎம்மிடம் இருக்கும் என்பதோடு நின்றுவிடுகிறது, அதனால் பல வருடம் மேசைக்கு மேசை சண்டை நடந்தது. பிறகு ஆட்டத்தை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்டே தன் அதிகாரபூர்வ விளக்கத்தில் டிஎம்தான் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லிவிட்டது. 'அல்லது கீழ்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் சிஆர் பூஜ்யம் உள்ள ஆடு என்ன, தவளைகூட வரலாம். உங்கள் டிஎம் அதைத்தான் பிடித்திருக்கிறார்.

ஆனால் அவர் ஏன் பிடித்தார்? நான் பத்து வருடத்துக்கும் மேலாக மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், அவர் மனநிலை எனக்குப் புரிகிறது.

கணக்கைப் பாருங்கள். ஓநாய் ஒன்றுக்கு ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 11, தாக்குதலுக்கு +4, கடித்தால் சராசரி 7. பக்கத்தில் கூட்டாளி இருந்தால் இரண்டு தடவை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். எதிரியின் ஏசி (அடி படுவதற்கு எட்ட வேண்டிய எண்) 15 என்றால் இருபது முகப் பகடையில் 11 விழ வேண்டும், பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டு தடவை உருட்டினால் அது முக்கால் ஆகிறது. எட்டு ஓநாயில் ஆறு கடிக்கும், ஆறேழு நாற்பத்திரண்டு. அதே ஐந்தாவது லெவலில் பெரிய வாளோடு நிற்கும் ஃபைட்டர், +7 வைத்து இரண்டு வெட்டு வெட்டினால் சராசரி சுமார் 14 தான் வருகிறது. நீங்கள் ஒரு ஸ்லாட்டை, அதாவது ஒரு தடவை ஸ்பெல் போடும் வாய்ப்பை, செலவழித்து மூன்று ஃபைட்டரைக் கொண்டுவந்துவிட்டீர்கள். இதில் கடித்ததும் எதிரி கீழே விழுகிறானா என்று பார்க்கும் சேவ் (தப்பிக்க உருட்டும் பகடை) கணக்கை நான் சேர்க்கவே இல்லை.

இதை வைத்து ஸ்பெல் மிகவும் பலம், அதனால்தான் பிரச்சினை என்பார்கள் பலர். எனக்கு அது பெரிய குறை இல்லை. எதிரி பக்கம் ஒரு ஃபயர்பால் (நெருப்புக் குண்டு ஸ்பெல்) போட்டால் சராசரி 28, ஒதுங்கித் தப்பினால்கூட 14, ஓநாய்க்கு இருப்பது 11. அடுத்த நொடி எட்டும் காலி. கட்டம் போட்டு ஆடுகிறவர்களுக்கு இன்னொன்று: ஓர் ஆளைச் சுற்றி இருப்பது எட்டுக் கட்டம்தான். எட்டு ஓநாயும் சுற்றி நின்றால் உங்கள் ஃபைட்டருக்கே நிற்க இடம் கிடையாது. ஆட்டத்தில் பலத்துக்குப் பலம் எப்போதும் கிடைத்துவிடும். கிடைக்காதது நேரம்.

சிங்கப்பூர் செங்காங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் சனிக்கிழமைகளில் ஆடுவோம், ஐந்து பேர், நான் ஆறாவது. ஒரு நாள் எங்கள் ட்ரூயிட் எட்டு ஓநாயை இறக்கினான். மினியேச்சர் கையில் இல்லை என்று எட்டு வறுத்த கச்சான் (நிலக்கடலை) வைத்தோம், அது தனிக் கூத்து, கொஞ்ச நேரத்தில் செத்த ஓநாய் எது, யாரோ பசியில் தின்ற ஓநாய் எது என்றே தெரியவில்லை. விஷயம் அதுவல்ல. ஒவ்வொரு ஓநாயையும் எண்ணி எண்ணி நகர்த்தி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடவை இருபது முகப் பகடை, அதாவது பதினாறு உருட்டல், கடித்தவற்றுக்கு இரண்டு நான்கு முகப் பகடை, பிறகு விழுந்தானா என்று நான் உருட்டுவது. ஃபைட்டர் ஆடுகிறவர் மெதுவாக எழுந்து, லிஃப்டில் கீழே இறங்கி, காப்பிக்கடையில் ஆறு பேருக்கும் தே (டீ) வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். அப்போது ஆறாவது ஓநாய் கடித்துக்கொண்டிருந்தது. அன்று கடைசி எம்ஆர்டி ரயிலைப் பிடிக்க இரண்டு பேர் ஓடினார்கள், சண்டை பாதியில் நின்றது, ஃபைட்டருக்கு அந்த மாலை முழுக்கக் கிடைத்தது நான்கு முறை.

வரவழைக்கும் ஸ்பெல்லுக்கு உண்மையான விலை ஸ்லாட் இல்லை, மற்றவர்களுடைய நிமிடங்கள். எல்லாப் பதிப்பிலும் இந்த விதிகளை எழுதியவர்கள் மல்லுக்கட்டியது இதோடுதான் என்று எனக்குத் தோன்றும்.

சரி, முறை எப்படி வரும் என்பதற்கு வருகிறேன். 2014 கான்ஜுர் அனிமல்ஸில் வந்த விலங்குகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே இனிஷியேட்டிவ் (யார் முறை எப்போது என்று முடிவு செய்யும் பகடை), தனியாக உருட்ட வேண்டும். உங்களுக்குக் கீழே விழுந்தால் அதே சுற்றில் கடிக்கும், மேலே விழுந்தால் அடுத்த சுற்றுவரை பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் முறையில்தான் எல்லாம் நடக்கும் என்று நினைத்துக்கொண்டு பலர் தப்பாக ஆடுகிறார்கள். வாய்விட்டுக் கட்டளை சொன்னால் கேட்கும், அதற்கு உங்கள் ஆக்‌ஷன் செலவாகாது. ஒன்றும் சொல்லாவிட்டால் தங்களைத் தற்காத்துக்கொள்ளும், வேறு எதுவும் செய்யாது. வாய்விட்டு என்பது முக்கியம், சைலன்ஸ் ஸ்பெல்லுக்குள் மாட்டிக்கொண்டால் உங்களால் ஒரு ஓநாயையும் ஏவ முடியாது.

கட்டளை எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று விதி சொல்லவில்லை. ஓநாயின் அறிவுப் புள்ளி 3. அதனிடம் போய் 'நீ இடப்பக்கம் பத்தடி போய், அவன் ரியாக்‌ஷனை வாங்கிக்கொண்டு, பின்னால் சுற்றி வா' என்று வகுப்பெடுத்தால் எப்படி? என் மேசையில் கட்டளை காப்பிக்கடை ஆர்டர் மாதிரி இருக்க வேண்டும். தே ஓ கொசோங் பெங். நாலே சொல், பால் வேண்டாம், சீனி வேண்டாம், ஐஸ் வேண்டும், எல்லாம் வந்துவிட்டது. 'அந்த வில்காரனைக் கடி', 'இந்த வாசலை விடாதே', 'என்னோடு வா'. அவ்வளவுதான். மிச்சத்தை ஓநாய் பார்த்துக்கொள்ளும்.

உருட்டுவதைக் குறைக்க 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட்டிலேயே கூட்டத் தாக்குதலுக்கு ஒரு அட்டவணை இருக்கிறது, ஏனோ யாரும் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. பகடையில் எவ்வளவு விழ வேண்டும் என்று பார்க்கிறீர்கள், 6 முதல் 12 வரை என்றால் இரண்டு பேருக்கு ஒருவர் அடித்ததாகக் கணக்கு. எட்டு ஓநாய்க்கு நான்கு கடி, கடிக்கு 7, மொத்தம் 28, முடிந்தது. பகடையே உருளவில்லை. இரண்டு தடவை உருட்டும் சலுகை இதில் வராது என்பதால் ட்ரூயிட்காரர் முணுமுணுப்பார். நான் அவருக்கு ஒரு கடி கூடுதலாகக் கொடுத்துவிடுவேன், அது விதி இல்லை, வீட்டு வழக்கம்.

அடுத்தது கான்சென்ட்ரேஷன். அனேக வரவழைப்புகளுக்கு இது வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு ஸ்பெல்லில்தான் மனதை வைக்க முடியும். அடி வாங்கினால் கான்ஸ்டிட்யூஷன் சேவ், இலக்கு 10 அல்லது வாங்கிய அடியில் பாதி, எது பெரிதோ அது. தவறினால் ஓநாய்கள் மறைந்துவிடும். ஹிட் பாயிண்ட் பூஜ்யமானாலும் மறையும், பிணம் கிடக்காது. (அதனால் வரவழைத்த ஆட்டை அறுத்துப் பிரியாணி போட முடியாது. எங்கள் மேசையில் இந்தக் கேள்வி உண்மையாகவே வந்தது.)

எல்லா ஸ்பெல்லிலும் மறைந்து தொலைவதில்லை. பூதத்தை வரவழைக்கும் 2014 கான்ஜுர் எலிமென்டல் இருக்கிறதே, அதைத் தொடுவதற்கு முன் இரண்டு தடவை படியுங்கள். ஐந்தாவது லெவல் ஸ்பெல், போட்டு முடிக்கவே ஒரு நிமிடம் ஆகும், அதாவது பத்துச் சுற்று, சண்டை நடுவில் வாய்ப்பே இல்லை. அக்கம்பக்கத்தில் பத்தடிக்குப் பத்தடிக்குப் பத்தடி நெருப்போ நீரோ மண்ணோ காற்றோ இருக்க வேண்டும். எங்கள் ட்ரூயிட் ஒன்பதாவது லெவலில் கைவிடப்பட்ட ஒரு கோட்டை முற்றத்தில் இருந்த மரச்சாமானையெல்லாம் குவித்து, கார்த்திகைச் சொக்கப்பனை மாதிரி கொளுத்தி, அதிலிருந்து ஒரு தீப்பூதத்தை எழுப்பினான். நூற்றிரண்டு ஹிட் பாயிண்ட். மேசையே எழுந்து நின்றது. இரண்டாவது சுற்றில் மதில்மேல் நின்ற ஒரு சாதாரணக் கொள்ளைக்காரன் விட்ட அம்பு, ஐந்து பாயிண்ட் அடி. சேவுக்கு இலக்கு 10, இவனுக்கு +2, பகடையில் எட்டு விழுந்தால் போதும். ஏழு விழுந்தது.

இங்கேதான் விதி வேறுபடுகிறது. கான்சென்ட்ரேஷன் உடைந்தால் அந்தப் பூதம் மறையாது. கட்டுப்பாடு போய்விடும், உங்கள் மேலும் உங்கள் கூட்டாளிகள் மேலும் பாயும், நீங்கள் நினைத்தாலும் அனுப்ப முடியாது, வரவழைத்ததிலிருந்து ஒரு மணி நேரம் முடிந்தால்தான் போகும். இது புதுச் சங்கதியும் இல்லை, 1974இல் வந்த முதல் பதிப்பிலேயே மனம் சிதறினால் எலிமென்டல் எழுப்பியவன்மேல் திரும்பும் என்று இருந்தது. எங்கள் ஆட்கள் உள்ளே ஓடி இரும்புக் கதவைச் சாத்தினார்கள். தீப்பூதம் ஓர் அங்குல இடுக்கு இருந்தால் நுழையும் என்று அதன் விவரத்தில் எழுதியிருக்கிறது, நான் அதைச் சத்தமாக வாசித்தேன். கதவுக்கு அடியில் முதலில் வெளிச்சம் வந்தது. கடைசியில் அதற்குத் தண்ணீர் ஆகாது என்பதை ஒருத்தி நினைவுபடுத்த, மொத்தப் பார்ட்டியும் பின்கட்டுக் கிணற்றுக்குள் குதித்து மிச்ச நேரத்தை ஓட்டியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம், எங்களுக்குப் பூதம் கிளம்பியதால் கிணறு கிடைத்தது.

சொந்த ரசனையைச் சொன்னால், எனக்கு மிகப் பிடித்த வரவழைப்பு விதி இதுதான். ஏவியவனையே திருப்பித் தாக்கும் ஏவல் கதைகள் நம் பாட்டிகள் சொல்லாததா?

எட்டு என்பதை வைத்து இன்னும் பெரிய அக்கிரமம் ஒன்று உண்டு, சொல்லாமல் போனால் மனம் ஆறாது. நான்காவது லெவல் கான்ஜுர் உட்லண்ட் பீயிங்ஸில் எட்டு பிக்ஸி (குட்டித் தேவதை) வரலாம். பிக்ஸி ஒவ்வொன்றும் நாளுக்கு ஒரு தடவை உருவத்தை மாற்றும் பாலிமார்ஃப் போடும். பார்ட்டியில் இருக்கும் ஒவ்வொருவரும் ராட்சசக் குரங்காகவும் டைனோசராகவும் மாறி நிற்பதை யோசித்துப் பாருங்கள். டிஎம் தேர்ந்தெடுப்பார் என்ற விதி வேலைக்கு வருவது இங்கேதான். விலங்கு விஷயத்தில் நான் ட்ரூயிட் பக்கம், பிக்ஸி விஷயத்தில் டிஎம் பக்கம்.

2020இல் டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் என்ற துணைப் புத்தகம் வந்தபோது இதை வேறு மாதிரி தீர்த்தார்கள். சம்மன் பீஸ்ட், சம்மன் ஃபே, சம்மன் அன்டெட் என்று ஒரு வரிசை. வருவது எப்போதும் ஒன்றே ஒன்று. மான்ஸ்டர் புத்தகத்தைப் புரட்ட வேண்டாம், ஸ்பெல்லோடேயே விவரம் இருக்கும், ஸ்லாட் ஏற ஏற அதுவும் ஏறும். உதாரணத்துக்கு சம்மன் பீஸ்ட்டை மூன்றாவது லெவல் ஸ்லாட்டில் போட்டால் ஏசி 14, தரை விலங்குக்கு ஹிட் பாயிண்ட் 35, அடி ஓர் எட்டு முகப் பகடையோடு 7. ஸ்லாட்டில் பாதிதான் தாக்குதல் எண்ணிக்கை, மூன்றில் பாதி கீழ்நோக்கி ஒன்று, நான்காவது ஸ்லாட்டுக்குப் போனால் இரண்டு. உங்கள் இனிஷியேட்டிவ், உங்களுக்கு அடுத்த நொடி அதன் முறை. கட்டளை இல்லையென்றால் டாட்ஜ் செய்து ஒதுங்கி நிற்கும். 200 தங்கக் காசு பெறுமான ஒரு முலாம் பூசிய கொட்டை வேண்டும், ஆனால் அது செலவாகிப் போகாது, ஒரு தடவை வாங்கினால் போதும். எட்டு ஓநாயின் 42 எங்கே, இது எங்கே என்று கேட்பீர்கள். ஆமாம், பலம் குறைவுதான். நாற்பது நொடியில் முறை முடிந்துவிடும், அதுதான் லாபம்.

2024 புத்தகத்தில் கான்ஜுர் அனிமல்ஸ் என்ற பெயர் மட்டும்தான் பழசு. தனித்தனி விலங்கு கிடையாது, உருவம் மட்டும் தெரியும் ஒரு மந்தை, நீங்கள் நகரும்போது கூடவே முப்பதடி நகர்த்தலாம், பத்தடிக்குள் வந்தவர் டெக்ஸ்டெரிட்டி சேவ் தவறினால் மூன்று பத்து முகப் பகடை அடி, நேரமும் பத்து நிமிடம்தான். ஹிட் பாயிண்ட் இல்லை, முறை இல்லை, கச்சான் வேண்டாம். மேசைக்கு நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓநாய்க்குப் பெயர் வைத்த காலம் போயிற்று. தீப்பூதமும் இப்போது திரும்பிப் பாய்வதில்லை, அதற்கு எனக்கு வருத்தமே.

இதே மாதிரியான இன்னொரு ஆட்டம் பாத்ஃபைண்டர், அதை ஆடுகிறவர்களுக்கு ஒரு சில வரி. முதல் பதிப்பில் சம்மன் மான்ஸ்டர் போட ஒரு முழுச் சுற்று ஆகும், நிற்பது லெவலுக்கு ஒரு சுற்று, வந்தது இன்னொன்றை வரவழைக்க முடியாது. 2019இல் வந்த இரண்டாம் பதிப்பு நேரக் கணக்கை நேரடியாக விதியிலேயே எழுதிவிட்டது. உங்கள் மூன்று ஆக்‌ஷனும் வரவழைக்கப் போய்விடும், வந்ததற்கு முறைக்கு இரண்டு ஆக்‌ஷன், அதைத் தக்கவைக்க அடுத்தடுத்த சுற்றில் உங்கள் ஆக்‌ஷன் ஒன்று கழியும். அதாவது உங்கள் நேரத்திலிருந்து எடுத்துத்தான் அதற்குக் கொடுக்கிறீர்கள், மற்றவர்களுடையதிலிருந்து இல்லை. நேர்மையான விதி, ஆனால் வருவது நோஞ்சான். ஒன்பதாவது லெவல் ஆள் கூப்பிட்டால் சம்மன் அனிமல் ஸ்பெல்லில் ஐந்தாவது லெவல் விலங்குதான் வரும், பாதி அடி காற்றில் போகும். வழி மறிக்கவும் எதிரியைச் சுற்றி வளைக்கவும் வைத்துக்கொள்ளலாம்.

இதற்கிடையில், கூடவே திரியும் ஒரு குட்டித் துணையை வரவழைக்கும் ஃபைண்ட் ஃபெமிலியரை மறந்துவிட்டேன். முதல் லெவல், கான்சென்ட்ரேஷன் வேண்டாம், பத்துத் தங்கக் காசுக்குக் கரி, சாம்பிராணி, மூலிகை வாங்கிப் பித்தளைத் தூபக்காலில் போட்டு ஒரு மணி நேரம், சடங்காகச் செய்தால் இன்னும் பத்து நிமிடம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா செய்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, கடைசியில் ஆந்தை வரும், அவ்வளவுதான். அதற்குத் தனி இனிஷியேட்டிவ், தாக்கக் கூடாது, உதவலாம், நூறடிக்குள் அதன் கண்ணால் பார்க்கலாம். புதிதாக ஆடுகிறவர்கள் இதில் பழகிவிட்டு ஓநாய்க்குப் போவது நல்லது.

விலங்கை எதிரியின் தலைக்குமேல் வரவழைத்துப் போடலாமா என்று ஒருவராவது கேட்பார், எனவே அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய 3.5 பதிப்பில் வெளிப்படையாகத் தடை, தாங்கும் தரையில்தான் வர வேண்டும். ஐந்தாம் பதிப்பு 'கண்ணுக்குத் தெரியும் காலி இடம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நழுவிவிட்டது. என் மேசையில் தரை வேண்டும். மாட்டை வானத்திலிருந்து போடும் ஆள் முதல் தடவை சிரிக்க வைப்பார், மூன்றாவது தடவை ஆட்டம் அதுவாகவே ஆகிவிடும்.

இப்போது தம்பி, உங்கள் டிஎம்மிடம் விதிப் புத்தகத்தோடு போகாதீர்கள், விதி அவர் பக்கம். மூன்று விலங்கின் விவரத்தை மூன்று அட்டையில் எழுதிக்கொண்டு போங்கள், சிஆர் 2இல் ஒன்று, 1இல் ஒன்று, கால் சிஆரில் ஒன்று. 'இந்த மூன்றைத் தவிர வேறு கேட்க மாட்டேன், சராசரி அடிதான், பகடை எல்லாம் சேர்த்து ஒரே தடவை உருட்டுவேன், என் முறை ஒரு நிமிடம் தாண்டினால் மிச்ச விலங்கு சும்மா நிற்கட்டும்' என்று சொல்லுங்கள். எனக்கு யாராவது இப்படி வந்து சொல்லியிருந்தால் எட்டு ஓநாய் என்ன, பத்து கொடுத்திருப்பேன்.

அதுவரை ஆடுதான் வரும் என்றால் ஆட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கு ஹிட் பாயிண்ட் 4தான், ஆனால் எதிரி நிற்கும் இடத்தை மிதித்துக்கொண்டு அளவில் இரண்டு படியாவது வித்தியாசம் இல்லாத ஆள் யாரும் கடக்க முடியாது என்ற விதி ஆட்டுக்கும் பொருந்தும். ஐந்தடி அகலச் சந்தில் எட்டு ஆட்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துங்கள். அந்தப் பக்கத்து ஓக்ர் (முரட்டு அரக்கன்) ஒரு முறைக்கு ஓர் ஆடு என்று கதாயுதத்தை ஓங்கிக்கொண்டிருக்கட்டும், ஆடுகளுக்குப் பின்னால் உங்கள் வில்காரருக்கு எட்டுச் சுற்று இருக்கிறது.